ஐப்பசியில் பூக்கும் புதர்: ஆவாரையா, டிசம்பர் பூவா, சங்கங்குப்பியா?

வீட்டு முற்றத்தில் ஒரு பூப்புதர் வேண்டும். அது நம் மண்ணுக்கு உரிய செடியாக இருக்க வேண்டும். மழை பிடித்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் பூக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால், இராமநாதபுரம் கடலோரத்துக்கு நான் பேர் சொல்லக்கூடிய செடிகள் அதிகமில்லை: ஆவாரை, டிசம்பர் பூ, சங்கங்குப்பி. செம்முள்ளியை வேண்டுமானால் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நர்சரிக்குப் போனால் வரிசை வரிசையாகக் காட்டுவார்கள். அவற்றில் காகிதப்பூ, உண்ணிச்செடி, மஞ்சள் அரளி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. வெளியூர்ச் செடியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீமைக்கருவேலம் வந்து என்ன செய்தது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மரமெல்லாம் மொட்டையாகிற நேரத்தில் கடைசியாக ஒரு பூவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வட அமெரிக்காவில் விட்ச் ஹேசல் என்ற புதரை அதற்காகவே வைக்கிறார்கள். அது இலை கொட்டும் சமயத்தில் மஞ்சளாகப் பூக்கும். நமக்குக் கணக்கு வேறு. அதே அக்டோபர், நவம்பரில்தான் இங்கே மண் நன்றாக நனையவே தொடங்குகிறது. மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையாக அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மழையோடு பூப்பது எந்தச் செடிக்கும் பெரிய காரியமில்லை. மிச்ச ஒன்பது மாதம் அது எதைக் குடிக்கும், எந்தக் காற்றைத் தாங்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது. பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்கினால் சித்திரையில் குச்சிதான் மிஞ்சும்.

எந்தக் கடலைப் பார்த்த வீடு?

செடியைப் பற்றிப் பேசும் முன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். நமக்கு இருப்பது இரண்டு கடல். வடகடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். மண்டபத்திலும் இராமேசுவரம் தீவிலும் இரண்டு கடலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. கடலுக்குப் போகிறவர்கள் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று காற்றுக்குக் காற்று பேர் வைத்திருப்பது சும்மா இல்லை. தோட்டம் போடுகிறவருக்கும் அந்தப் பேர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும். அப்போது மழை இல்லை. அலையிலிருந்து கிளம்பும் உப்புத் துளி இலையில் படிந்தால் கழுவிவிட ஒன்றுமில்லை. நாள்கணக்கில் அப்படியே இருந்து இலை விளிம்பைக் கருக்கும். செடிக்குத் தாகம் எடுக்கும் நேரமும் அதுவே. ஆகவே தென்கடலோர வீட்டில் சோதனை கோடையில் வருகிறது. அதைத் தாண்டிய செடிக்கு ஐப்பசியில் பெரிய தொல்லை கிடையாது. வாடைக்காற்று வீட்டுக்குப் பின்புறமாக, நிலத்தைத் தாண்டி வந்து சேர்வதால் பூ பிழைக்கும்.

வடகடலோர வீட்டில் இது தலைகீழ். கோடைக்காற்று நிலத்தின் மேலாக வருவதால் உப்பு குறைவு. ஆனால் செடி மொட்டு விடும் அதே ஐப்பசியில் வாடை நேராக முகத்தில் அறையும். மழை கூடவே வருவதால் இலையில் உப்பு தங்காது, அது நல்லது. மெல்லிய இதழ் மட்டும் கிழிந்து தொங்கும். கார்த்திகையில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால் அந்த வாரத்துப் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. தென்கடல் பக்கம் செடியின் இலை கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். வடகடல் பக்கம் பூ கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடலிலிருந்து நாலைந்து தெரு தள்ளி, நடுவில் சுவரும் தென்னையும் இருக்கிற வீடு என்றால் இரண்டுமே பாதிக் கவலைதான்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்குகிற ஊர்களில் பூச்செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் வீட்டில் சண்டைதான் வரும். போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் போதும்; ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று ஏறத்தாழக் காட்டும். 450-க்குள் இருந்தால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். அதற்கு மேல் 2000 வரை பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். 2000-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் செடியைத் தவிர வேறெதுவும் நிலைக்காது. ஆர்ஓ மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்குத் திருப்பிவிடுகிறார்கள். உள்ளே போன தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து கெட்டியாக வருவது அந்தக் குழாயில்தான். சோப்புத் தண்ணீரும் அப்படியே: ஏற்கனவே உப்பு மண்ணில் இன்னும் கொஞ்சம் சோடியம். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்றால் தாராளமாக ஊற்றலாம்.

ஆவாரை

என் முதல் ஓட்டு இதற்குத்தான். இராமநாதபுரத்திலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் சாலையோரப் பொட்டலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற செடி. இந்தியாவின் வறண்ட நிலங்களிலும் இலங்கையிலும் தானாக வளர்வது. ஆளுயரம் வரை வரும். வெட்டி வைத்தால் இடுப்பளவில் நிற்கும். ஆண்டில் பல மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும் என்றாலும், மழை விழுந்த பிறகு ஐப்பசியிலிருந்து தை வரை அது பூக்கிற பூவே தனி. இலை தெரியாத அளவுக்கு மஞ்சள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் வழக்கமுள்ள வீட்டுக்கு வாசலிலேயே பூ கிடைத்துவிடும்.

பூவின் கட்டமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பூச்சிகள் மகரந்தத்துக்காகவே வருகின்றன, அதுவும் எளிதில் கிடைக்காது. மகரந்தப்பை மற்ற பூக்களில்போல நீளவாக்கில் வெடித்துத் திறக்காமல் நுனியில் ஒரு சின்னத் துளையோடு நின்றுவிடுகிறது. பெரிய கருவண்டு ஒன்று வந்து பையைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்ச்சியில் மகரந்தம் துளை வழியாகத் தெறிக்கும். காலை நேரத்தில் பக்கத்தில் நின்றால், பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்திலிருந்து சுருதி மாறி வேறு ஒரு ரீங்காரம் கேட்கும். அதற்காகவே இந்தச் செடியை வைக்கலாம் என்பது என் கட்சி. இலையில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். பச்சைப் புழு நாலு கிளையை மொட்டையாக்கினாலும் மருந்து அடிக்காதீர்கள். மழைக்காலத்தில் செடி பத்து நாளில் துளிர்த்துவிடும்.

பலன் என்று பார்த்தாலும் இதுதான் முன்னால் நிற்கும். பூவை நிழலில் உலர்த்தி வைத்தால் குளியல் பொடிக்கு ஆகும். தேநீர் போடுகிறவர்களும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தத் தேநீரைத் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கழித்த தழையைச் செடியடியிலேயே போட்டு மட்கவிடலாம். வயலுக்குத் தழையுரமாக ஆவாரையையும் எருக்கையும் போட்ட வழக்கம்தான் இது. ஆனால் அவரைக் குடும்பத்துச் செடி, மண்ணுக்குத் தானாக நைட்ரஜன் சேர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த இனத்தின் வேரில் அதற்கான முண்டுகள் உருவாவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, இடம் மாற்றினால் முகம் சுளிக்கும் செடி. ஆணிவேர் நேராக இறங்கும். சாலையோரத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டால் பத்தில் ஒன்று பிழைத்தால் அதிர்ஷ்டம். விதை போடுவதே வழி. விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தோ, கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு இரவு ஊறவைத்தோ விதைத்தால்தான் ஒன்றுபோல முளைக்கும். இரண்டாவது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தீவிலும் மண்டபத்திலும் மணல்; அங்கே கவலையில்லை. தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துக் களிமண்ணில் ஓரடி மேடு கட்டி அதன் மேல் விதைக்க வேண்டும். மூன்றாவது, கடலுக்கு நேர் எதிரே முதல் வரிசையில் வைத்தால் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பெரும்பாலும் சாகாது. ஆனால் வாசலில் நிற்கும் செடி மூன்று மாதம் வெறும் சுள்ளியாகத் தெரிந்தால் வீட்டில் உள்ளவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். வேறு பச்சை இருக்கும்போது ஆவாரையை ஆடு தேடி வராது. கோடையில், கிடைத்ததைத் தின்கிற நேரத்தில், இளங்கொழுந்தைக் கடிக்கும். முதல் ஆண்டு மட்டும் பனை ஓலைப் படல் ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். அது காற்றுக்கும் தடுப்பு, ஆட்டுக்கும் தடுப்பு.

சங்கங்குப்பி

ஆவாரை சுணங்குகிற இடத்தில்தான் இதற்கு வேலை. கடலோரத்துக்கென்றே ஆன செடி. உப்பங்கழி ஓரத்திலும் அலையாத்திகளின் பின்புறத்திலும் இயல்பாக வளர்கிறது; இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை கடற்கரைகளில் இதைப் பார்க்கலாம். காய் நீரில் மிதக்கும், கடல் வழியாகவே புது இடம் போய்ச் சேரும். இலை சின்னது, தடிப்பு, பளபளப்பு. உப்புத் துளி விழுந்தாலும் அசராது. டிடிஎஸ் 2000-க்கு மேல் காட்டுகிற போர்த் தண்ணீரையும் குடித்துக்கொண்டு பச்சையாக நிற்கக்கூடியது நம் பட்டியலில் இது ஒன்றுதான். இலையில் கசப்பு ஏறிக் கிடப்பதால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஆபீஸ் வளாகங்களிலும் பூங்காக்களிலும் இதைச் சதுரமாகக் கத்தரித்து வேலியாக நிறுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இது பூக்கிற செடியா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான், மொட்டு வருவது இளங்கிளையின் நுனிப் பக்கம், மாதம் இரண்டு முறை அதை வெட்டிவிட்டால் பூ எங்கிருந்து வரும்? வெட்டாமல் விட்டால் வெள்ளைப் பூ மூன்று மூன்றாக வரும். நீண்ட குழல், அதற்கு வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் கருஞ்சிவப்பு இழைகள். மணம் உண்டு, அதுவும் இருட்டிய பிறகு. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் அந்த நேரத்துக்குத்தான் வரும். மழைக்குப் பிறகு பூ அதிகம். மற்ற மாதங்களிலும் ஓரளவு இருக்கும். ஆடிக்குள் ஒரு முறை கத்தரித்து, அப்புறம் தை வரை கத்தியைக் கீழே வைத்துவிட்டால் ஐப்பசிக்குப் பூ நிச்சயம்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: தூரத்திலிருந்து பார்த்தால் இது பூத்திருக்கிறது என்றே தெரியாது. வழியில் போகிறவர் நின்று பார்க்கிற பூ வேண்டுமென்றால் இது ஏமாற்றும். இலையைக் கசக்கினால் ஒரு நாற்றமும் உண்டு. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கிளை தாழ்ந்து மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும், அதனால் பக்கத்து மனைக்கும் நடந்து போய்விடும். அடர்ந்து வளர்வதால் பாம்பு அடையும் என்று பயப்படுகிறவர்கள், தரையிலிருந்து அரையடி உயரத்துக்குக் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு அடியைப் பெருக்கி வைத்துக்கொள்ளலாம். வேலியாக வேண்டுமானால் ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி போதும். தனிப் புதராக விட்டால் ஆறடி இடம் பிடிக்கும்.

டிசம்பர் பூ

பெண்கள் கேட்பது இதைத்தான். எதிர் வீட்டு அக்காவிடம் ஆவாரையின் பெருமையையெல்லாம் சொல்லி முடித்தபோது, “சரி தம்பி, தலையில வைக்க முடியாத பூவ வாசல்ல வச்சு என்ன பண்ண?” என்றார். நியாயமான கேள்வி. ஆவாரம்பூவை யாரும் சரம் தொடுத்து வைத்துக்கொள்வதில்லை. டிசம்பர் பூவுக்கு மணமில்லை என்றாலும், ஊதாவும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டிய சரம் மார்கழிக் காலையில் எந்தத் தெருவிலும் தெரியும். ஊதா, வெள்ளை, ரோஸ் என்று நிறங்களும் உண்டு. மூன்று செடிகளில் ‘இந்தக் காலத்தில்தான் பூப்பேன்’ என்று காலண்டர் வைத்துக்கொண்டு நடப்பதும் இதுவே. பகல் குறுகத் தொடங்கியதும் மொட்டு வைத்து, கார்த்திகை மார்கழியில் நிறைந்து, தை கடைசியில் ஓய்ந்துவிடும்.

பார்லேரியா இனத்தைச் சேர்ந்த இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் பிலிப்பைன் வயலெட் என்று ஒரு பேர் இருப்பதால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இதன் தாயகம் இந்தியாவும் தென்சீனம் வரையிலான பகுதியும்தான். ஆனால் நம் கடற்கரை மணல் இதற்குச் சொந்த வீடு கிடையாது என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்றில் உப்புக்கு அதிகம் நோவது இது. நேரடிக் கடற்காற்று பட்டால் இலை கருகும், போர்த் தண்ணீர் கொஞ்சம் கடுத்தாலும் வளர்ச்சி நின்றுவிடும். பவளக்கல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுக்கலாம். நடும் குழியில் செம்மண்ணும் மட்கிய ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து நிரப்பினால் ஓரளவு சமாளிக்கும்.

இதைக் காப்பாற்றுவது இடத்தேர்வு. பாதி நிழல் இதற்குப் போதும். மற்ற இரண்டுக்கும் முழு வெயில் வேண்டும். எனவே வீட்டின் மறைவில், அரிசியும் காயும் கழுவிய தண்ணீர் போகிற பக்கம், தென்னை நிழலில் வைக்கலாம். வடகடல் பார்த்த வீட்டில் வீட்டுக்குத் தெற்கே வையுங்கள். பூக்கிற மாதங்களில் வாடை படாது. தென்கடல் பார்த்த வீட்டில் வடக்கே வையுங்கள். கோடையில் சோழகம் படாது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

கத்தரிப்பில் மட்டும் கவனம் வேண்டும். பூ ஓய்ந்ததும் மாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். ஆடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை கூடும், கிளை கூடினால் பூ கூடும். ஆவணிக்குப் பிறகு கை வைத்தால் அந்த ஆண்டு மொட்டைத்தான் வெட்டி எறிவீர்கள். பூவைச் சுற்றியிருக்கும் புல்லிதழ்கள் காய்ந்தால் முள் மாதிரி குத்தும், ஆகையால் பறிக்கிறவர்கள் இளசாக இருக்கும்போதே பறிப்பார்கள். காய் முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும். செடிக்கடியில் தானாக முளைத்த கன்றுகள் ஆண்டுதோறும் கிடைக்கும். பள்ளிக்கூடத்து நாள்களில் எச்சில் தொட்டு வெடிக்கவைத்த பட்டாசுக் காய் இதற்கு உறவுதான், ஆனால் அந்தச் செடி அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே காடாகிப் போனது.

செம்முள்ளி இதே பார்லேரியா இனம். ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ, இலைக் கணுவில் கூர்முள். நம் வறண்ட நிலத்துச் செடி, டிசம்பர் பூவைவிடத் தண்ணீர் குறைவாகக் கேட்கும், மழைக்குப் பின் பூக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் முற்றத்துக்கு வேண்டாம். கொல்லைப்புறத்தில், நாய் நுழைகிற சந்தை அடைக்க நன்றாக இருக்கும்.

பட்டியலில் சேராதவை

செங்காந்தளை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர், கார்த்திகையில் பூப்பது, அழகில் இந்த மூன்றும் சேர்ந்தாலும் ஈடாகாது. ஆனால் அது கொடி, புதரில்லை. மழைக்குப் பிறகு மண்ணுக்கு மேல் காய்ந்து மறைந்துவிடும். அதைவிட முக்கியம், கிழங்கு உள்பட முழுச் செடியிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது, உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் புழங்குகிற வீட்டில் எனக்கு அதை வைக்கத் துணிச்சல் இல்லை.

வெட்சி, அதாவது இட்லிப்பூ, தென்னிந்தியச் செடிதான். ஆனால் அதற்குப் புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கனகாம்பரமும் நம் பக்கத்துச் செடிதான். நல்ல தண்ணீர் இருந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். அந்த நல்ல தண்ணீருக்குத்தானே இவ்வளவு பேச்சு?

சரி, எதை வைப்பது?

கடல் கண்ணுக்குத் தெரிகிற முதல் வரிசை வீடு, போர்த் தண்ணீர் உப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், சங்கங்குப்பிதான். அதைக் காற்று வரும் பக்கம் வரிசையாக வைத்து, இரண்டு மூன்று ஆண்டில் அது நெஞ்சளவு வந்த பிறகு, அதன் மறைவில் ஆவாரை விதையைப் போடுங்கள். மஞ்சள் அப்போது வரட்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் ஆவாரை சோழகத்தில் சிரமப்படும்.

கொஞ்சம் உள்ளே தள்ளிய வீடு, மணல் மண், வாரம் ஒரு குடம் தண்ணீர்கூட ஒதுக்க முடியாது, பாதி நாள் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் ஆவாரை. சம்பாத்தியத்துக்காக வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது. முதல் மழைக்காலத்தில் வேர் பிடித்து, முதல் கோடையில் வாரம் ஒரு முறை தண்ணீர் கண்டால் போதும். அதற்கப்புறம் உங்களைத் தேடாது.

வீட்டில் ஆள் இருக்கிறது, காவிரிக் குடிநீர் ஓரளவு வருகிறது, நிழலான மூலை ஒன்று இருக்கிறது, பூவைப் பறித்துக் கட்டுகிற கையும் இருக்கிறது என்றால் டிசம்பர் பூ. அக்கா வீட்டில் கடைசியில் அதுதான் போயிற்று, கிணற்றடியில். வாசலுக்கு ஆவாரை வைக்கச் சம்மதித்தாரா என்றால், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது, எல்லாம் நடுத்தரம் என்று சொல்கிறவர்களுக்கு நான் ஆவாரை என்றுதான் சொல்வேன். உப்பில் சங்கங்குப்பியிடம் தோற்கும், அலங்காரத்தில் டிசம்பர் பூவிடம் தோற்கும். ஆனால் ஒன்பது மாதக் காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு மழை வந்ததும் முற்றம் நிறையப் பூப்பது அது ஒன்றுதான்.

செடி கிடைக்கும் இடமும் நேரமும்

தங்கச்சிமடத்து மல்லி நாற்று நாடெங்கும் போகிறது. மணலில் குச்சியை வேர் பிடிக்கவைக்கும் கை இந்தப் பகுதியில் பரம்பரையாக இருக்கிறது. டிசம்பர் பூவுக்கும் சங்கங்குப்பிக்கும் அதே முறைதான்: முற்றாத, ரொம்ப இளசும் இல்லாத கிளையில் ஆறு அங்குலக் குச்சி, அடிப்பக்கம் இரண்டு கணு மணலுக்குள், மேலே நிழல், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து மண்ணின் மேலுப்பு கீழே இறங்கிய பிறகு நிலத்தில் நட வேண்டும். அதற்கு முன் நட்டால், கோடை முழுக்க மேலே ஏறிப் படிந்த உப்பில் பிஞ்சு வேரை வைத்த மாதிரி ஆகிவிடும். மூடாக்குக்குப் பனை ஓலை, தென்னை மட்டைத் தும்பு நல்லது. கரை ஒதுங்கும் கடற்பாசியைப் போடுகிறவர்கள் அதை இரண்டு மழையில் நனையவிட்டு உப்புப் போன பிறகு போடட்டும்.

சங்கங்குப்பிக் குச்சிக்காக மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் போக வேண்டாம். அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு செடி எடுப்பதும் குற்றம். ஊருக்குள் வேலியாக வெட்டிப் போடுகிற கிளையே வண்டிக்கணக்கில் கிடைக்கும். கேட்டால் சும்மா கொடுப்பார்கள்.

ஆவாரைக்கு நர்சரியும் வேண்டாம், காசும் வேண்டாம். காய் பழுப்பாகிற மாசி, பங்குனியில் சாலையோரச் செடிகளில் தட்டைக் காயாகப் பார்த்துப் பறித்து உரித்தால் விதை. விதையில் பொட்டுத் துளை இருந்தால் வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம், அதைத் தள்ளிவிடுங்கள். நல்லதைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் அடைத்துப் புரட்டாசிக் கடைசி வரை வைத்திருக்கலாம். நாலைந்து அடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை, முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பெயர்த்து வேறிடம் நட முயல வேண்டாம்.